மழை கொட்டுற ஊர்ல வீட்டுத்தோட்டம்: மாடியா, மண்ணா, சாக்கா? கைல 2000 ரூபா இருந்தா எதுல போடலாம்

கன்னியாகுமரி மாவட்டத்துல வீட்டுத்தோட்டம் ஆரம்பிக்க நினைக்கிற யார்கிட்ட பேசினாலும் முதல்ல வர்ற கேள்வி "க்ரோ பேக் (செடி வளர்க்கிற பிளாஸ்டிக் பை) வாங்கி மாடில வைக்கவா, இல்ல கீழ மண்ணுலயே போடவா"ங்கறதுதான். இதுக்கு வீடியோல கிடைக்கிற பதில் எல்லாம் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர் ஆளுங்க சொல்றது, அவங்க ஊருக்கு அது சரியாவும் இருக்கும், ஆனா நம்ம மாவட்டத்துக்கு மழை ரெண்டு பக்கமும் வருது, இடவப்பாதில (ஜூன் ஆரம்பம்) தொடங்கி ஆவணி புரட்டாசி வரைக்கும் தென்மேற்கு, அது ஓஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு, நடுவுல சித்திரைல கோடை மழை வேற. அதுலயும் கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் மலையை ஒட்டி இருக்குற ஊர்னா இன்னும் கூடுதல். இங்க தண்ணி இல்லாம காயுற செடியை விட, வேர்ல தண்ணி நின்னு அழுகுற செடிதான் ஜாஸ்தி. அதனால எதை வாங்கலாம்னு யோசிக்கறதுக்கு முன்னாடி தண்ணி எந்த வழியா வெளிய போகும்னு யோசிச்சுட்டா பாதி முடிவு தானா வந்துரும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், வீட்டைச் சுத்தி ஒரு நாப்பது சதுர அடி வெயில் படுற மண்ணு இருந்தா கூட போதும், மேட்டுப்பாத்தி போடுங்க, மாடிக்கு காசு செலவு பண்ணாதீங்க. மண்ணே இல்லாதவங்களுக்கும் வாடகை வீட்டுக்காரங்களுக்கும் வேற பதில், அது கடைசில வரும்.

ஏன்னு கணக்கு போட்டே பாப்போம். 12க்கு 12 இஞ்ச் க்ரோ பேக் ஒண்ணு ஏறக்குறைய 40 ரூபா, 20 பை எடுத்தா 800. முக்கால் பங்கு நிரப்பினா ஒரு பைக்கு 16 லிட்டர் கலவை பிடிக்கும், 20 பைக்கு 320 லிட்டர், எல்லாரும் சொல்ற மாதிரி செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்குன்னு போட்டா ஒவ்வொண்ணும் நூறு லிட்டருக்கு மேல வேணும். 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறவெச்சா 70 லிட்டர் பக்கம் விரியும், அப்ப ரெண்டு கட்டி, 400 ரூபா. மண்புழு உரம் 60, 70 கிலோ, கிலோ 15 ரூபான்னு வெச்சாலும் ஆயிரம் தொட்டுரும். மொத்தம் 2200 ரூபா, செம்மண் கொண்டு வர்ற ஆட்டோ கூலி தனி. விலை கடைக்கு கடை மாறும், ஆனா இந்த கணக்குல பெருசா வித்தியாசம் வராது. இவ்வளவு செலவு பண்ணி கிடைக்கிற நடவு இடம் எவ்வளவு தெரியுமா, 20 பையோட வாயையும் சேர்த்தா 16 சதுர அடி. நாலடி அகலம் பத்தடி நீளத்துல கீழ ஒரு பாத்தி போட்டா 40 சதுர அடி, செலவு உங்க உடம்பு உழைப்பும் ஒரு மம்பட்டியும் மட்டும்.

சரி காசு இருக்கு, மாடில போடறேன்னு சொன்னா, மழையை யோசிங்க. ஒரே நாள்ல 100 மில்லிமீட்டர் பெய்யுறது இங்க அதிசயமே இல்ல. அந்த மழைல ஒரு 12 இஞ்ச் பைக்குள்ள மட்டும் 7 லிட்டர் தண்ணி நேரா விழுது. 16 லிட்டர் கலவை வழியா ஏழு லிட்டர் இறங்கினா நீங்க போட்ட உரத்துல கரையுற சத்து எல்லாம் அடி ஓட்டை வழியா மாடி குழாய்க்கு போயிரும், ஒரு வாரம் விடாம பெஞ்சா இலை வெளிறி மஞ்சளாகி நிக்கும், நாம சத்து குறைன்னு மறுபடி உரம் வாங்குவோம், அதுவும் போகும். அதோட கோகோபீட் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கற பொருள், காயுற ஊருக்கு அது வரம், விடாம நனையுற ஊர்ல வேருக்கு காத்து கிடைக்காம பண்ணிரும். மாடியிலதான் வைக்கணும்னா கோகோபீட்டை பாதியா குறைச்சு, அந்த இடத்துல நல்லா கழுவின ஆத்துமணலோ, உடைச்ச ஓட்டுத் துண்டோ, தேங்காய் கதம்பையை (உரிச்ச மட்டை) சின்னதா வெட்டியோ போடுங்க, பையை தரையில உக்கார வைக்காம ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க.

இன்னொரு விஷயம் மாடியோட பாரம். நனைஞ்ச மண்ணு ஒரு லிட்டர் ஒன்றரை கிலோவுக்கு மேல வரும். பை ஒண்ணு ரெண்டுனா தெரியாது, நூறு பை அடுக்கினா கீழ சுவரும் தூணும் தாங்குற இடத்துக்கு மேலதான் வைக்கணும், நடு ஸ்லாப்ல இல்ல. பழைய வீட்டு மட்டுப்பா, அதாவது மொட்டை மாடின்னா ஒரு கொத்தனார் இல்ல இஞ்சினியர் கிட்ட கேக்காம ஆரம்பிக்கவே வேண்டாம். சருகு போய் மாடி ஓட்டையை அடைச்சுதுனா நிலைமை இன்னும் மோசம், ஆயிரம் சதுர அடி மாடில 100 மில்லிமீட்டர் மழைன்னா ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணி.

இப்ப மேட்டுப்பாத்தி. அகலம் நாலடிக்கு மேல போகக் கூடாது, ரெண்டு பக்கமும் நின்னா நடு வரைக்கும் கை எட்டணும், காலால மிதிக்கவே கூடாது, மிதிச்சா மண்ணு இறுகி தண்ணி நிக்கும். பாத்தியைச் சுத்தி ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால் தோண்டுங்க, தோண்டுற மண்ணையே பாத்தி மேல ஏத்துங்க, அப்ப மண்ணு வாங்கற செலவும் இல்ல, தண்ணி போற வழியும் ரெடி. பாத்தி உயரம் கொறைஞ்சது ஒரு அடி இருக்கணும், பெய்யுற வேகத்துல முதல் வருஷமே நாலு இஞ்ச் அமுங்கிரும். வாய்க்கால் சரிவு வீட்டு அஸ்திவாரத்தை விட்டு வெளிய பாக்கணும், இதை மட்டும் கவனமா பண்ணுங்க. ஓரம் கரையாம இருக்க தேங்காய் கதம்பையை கவுத்து வரிசையா பதிச்சா போதும், நம்ம ஊர்ல தென்னை இல்லாத வீடு கம்மி, அக்கம்பக்கத்துல கேட்டா சும்மாவே குடுப்பாங்க, அது மக்கி ரெண்டு மூணு வருஷத்துல மண்ணாயிரும்.

மேற்குப் பக்க தாலுகால இருக்குற செங்கல் நிற மண்ணு பெரும்பாலும் புளிப்பு மண்ணு, வருஷா வருஷம் மழை சுண்ணாம்புச் சத்தை கரைச்சு இழுத்துட்டுப் போறதால அப்படி ஆகுது. அந்த மண்ணுல எவ்வளவு சாணி போட்டாலும் செடி முழுசா எடுத்துக்காது. நீத்து பொடியான சுண்ணாம்பு ஒரு சென்ட்டுக்கு ரெண்டு கிலோ பக்கம்னு கணக்கு, 40 சதுர அடி பாத்திக்கு 200 கிராம் கூட வராது, கலந்துவிட்டு பத்து பதினஞ்சு நாள் கழிச்சு உரம் போடுங்க. மண் பரிசோதனை பண்ணி அளவு தெரிஞ்சுகிட்டா இன்னும் நல்லது, வேளாண்துறை ஆபீஸ்ல கேட்டா எங்க குடுக்கணும்னு சொல்வாங்க. விறகு அடுப்பு சாம்பல் இருக்குற வீட்ல சுண்ணாம்பை இன்னும் குறைச்சுக்கலாம்.

பாத்தியோட ஒரே பெரிய குறை நிழல். தென்னைக்கும் பலாவுக்கும் நடுவுல இருக்குற வீட்டுல வெண்டையும் தக்காளியும் வெறும் இலையா வளந்து நிக்கும். நாலு மணி நேரம் கூட நேர் வெயில் இல்லாத இடம்னா காய்கறியை மறந்துட்டு கிழங்கும் இஞ்சியும் மஞ்சளும் போடுங்க, அவ்வளவுதான் விஷயம்.

மூணாவது வழி சாக்கு, பெயிண்ட் வாளி, பழைய சிமெண்ட் பை. சிமெண்ட் பைன்னா உள்ள இருக்குற தூளை நல்லா கழுவிரணும், அது மண்ணை கார மண்ணாக்கிரும். வெயில்ல ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் நார் நாரா பிஞ்சு மண்ணுல கலக்கும், அது எனக்கு கொஞ்சமும் பிடிக்கல, இயற்கை முறைல விளைவிக்கணும்னு ஆசைப்பட்டு பிளாஸ்டிக் தூளை மண்ணுல சேக்கறதுல என்ன இருக்கு. பெயிண்ட் வாளி பரவால்ல, பல வருஷம் நிக்கும், அடியில மட்டும் இல்லாம பக்கவாட்டுல அடியிலிருந்து ஒரு இஞ்ச் உயரத்துலயும் நாலஞ்சு ஓட்டை போடணும், அடி ஓட்டை அடைச்சாலும் தண்ணி வெளிய போகும்.

அடுத்து உரம், இங்கதான் நிறைய பேரு காசை விடறாங்க. மண்புழு உரம் நல்ல பொருள்தான், ஆனா அதை மூட்டை மூட்டையா வாங்கி மழைல கரைய விடறதுக்கு அது ரொம்ப விலை. நாத்து போடறதுக்கும் குழியில ஒரு கை போடறதுக்கும் மட்டும் வெச்சுக்கிட்டு, பாத்திக்கு அடி உரமா வீட்டு கம்போஸ்ட் செய்யறதுதான் சரியா இருக்கும். நம்ம சூட்டுக்கு சமையலறைக் கழிவு ரெண்டு மாசத்துல மக்கிரும். பிரச்சனை மழைக்காலத்துல வரும், எல்லாம் ஈரம், காஞ்ச பொருள் ஒண்ணும் கிடைக்காது, வாளி நாறும். இதுக்கு செய்ய வேண்டியது மாசி பங்குனிலயே காஞ்ச சருகை, குறிப்பா ரப்பர் இலை, பலா இலை, மாவிலை எதுவானாலும், சாக்கு சாக்கா கட்டி மழை படாத இடத்துல வெச்சுக்கறது. கழிவு ஒரு பங்கு போட்டா சருகு ரெண்டு பங்கு போடுங்க, நாத்தம் வராது. நம்ம சூட்டுல கொழுத்த சாம்பல் நிறப் புழு கூட்டமா வரும், பயப்பட்டு கொட்டிராதீங்க, அது கருப்பு சிப்பாய் ஈயோட (Black Soldier Fly) புழு, கடிக்காது, நோயும் பரப்பாது, கழிவை வேகமா தின்னு முடிக்கும், மேல ஒரு அடுக்கு சருகு போட்டா அடங்கிரும். மூடி இல்லாம மட்டும் வெக்காதீங்க, மழை விழுந்தா அந்த கம்போஸ்ட்ல இருக்குற நல்லது எல்லாம் அடில ஓடிரும்.

ஜீவாமிர்தம்ங்கற சாணிக் கரைசல் இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் பரப்பினது, ஏக்கருக்கு 200 லிட்டர் கணக்கு, அதை வீட்டுக்கு சுருக்கினா 20 லிட்டர் தண்ணிக்கு நாட்டு மாட்டு சாணி 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், மரத்தடி மண்ணு ஒரு பிடி. ரெண்டு நாள் நிழல்ல வெச்சு காலையும் சாயந்திரமும் கலக்கி, ஒரு வாரத்துக்குள்ள ஊத்திரணும். மாடு வெச்சிருக்கறவங்க பக்கத்துல இருந்தா இது கிட்டத்தட்ட சும்மா, மாடு இல்லாம சாணியும் கோமியமும் காசு குடுத்து ஊர் தாண்டி வாங்கறதா இருந்தா வேண்டாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்தின பஞ்சகவ்யாவும் அப்படித்தான், பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லின்னு தெளிச்சா செடி செழிப்பா வரும், ஆனா நெய்யும் பாலும் தயிரும் வாங்கி செய்யற செலவு சின்ன தோட்டத்துக்கு கட்டாது. கடலோரத்துல, குளச்சல் முட்டம் மாதிரி ஊர்ல இருக்கறவங்களுக்கு மீன் அமிலம்தான் மலிவு, மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூணு வாரத்துக்கு மேல மூடி வெச்சு வடிகட்டி லிட்டருக்கு 5 மில்லி. இதுல எதையுமே மழை வர்ற மாதிரி இருக்குற அன்னைக்கு இலைல தெளிக்காதீங்க, ரெண்டு நாள் வெறிச்சா தெளிங்க, இல்லன்னா வேர்ல ஊத்துங்க.

பாத்தியை எப்பவும் மூடி வைங்க. ஓலையை துண்டு போட்டோ, சீமைக்கொன்னை (கிளைரிசிடியா) தழையை ஒடிச்சோ மூணு நாலு இஞ்ச் பரப்பினா மழைத்துளி மண்ணை அடிக்காது, களையும் வராது, அந்த தழையே உரமும் ஆயிரும். நாத்தோட தண்டை மட்டும் ஒட்டாம நாலு விரல் தள்ளி போடுங்க, இல்லன்னா அழுகும், நத்தையும் ஒளியும்.

எது போடறதுங்கறதுல தான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு. எல்லாருக்கும் முதல்ல தக்காளிதான் ஆசை. நம்ம ஈரமான புளிப்பு மண்ணுல தக்காளி, வழுதலை (கத்திரி), மிளகாய் மூணுக்கும் பாக்டீரியா வாடல் நோய் காத்துக்கிட்டு இருக்கு, நேத்து பச்சையா நின்ன செடி இன்னைக்கு மத்தியானம் அப்படியே தொங்கும், தண்ணி ஊத்தினாலும் எந்திரிக்காது. சந்தேகமா இருந்தா தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில பிடிங்க, பால் மாதிரி வெள்ளையா இறங்கினா அதேதான், மருந்து தேடி காசு விடாம வேரோட பிடுங்கி தோட்டத்துக்கு வெளிய போடுங்க. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதே மாதிரி மண்ணுக்காக தாங்கக்கூடிய ரகங்கள் குடுத்திருக்காங்க, தக்காளில சக்தி, முக்தி, அனகா, வழுதலைல சூர்யா, ஹரிதா, மிளகாய்ல உஜ்வலா. நமக்கு எல்லை பக்கம்தானே, திருவனந்தபுரம் போறவங்க கிட்ட சொல்லி விதை வாங்குங்க. சுண்டைக்காய் செடி மேல ஒட்டு போட்ட கத்திரி நாத்தும் இந்த நோயை தாங்கும், சுண்டைக்காய் பல வருஷம் நிக்கிற செடிங்கறதால காயும் ரொம்ப நாள் கிடைக்கும். எப்படி போட்டாலும் தக்காளியை மழை குறையுற மார்கழி தையில நிக்கிற மாதிரி நடுங்க, ஜூன்ல வேண்டாம். வீட்டுல இருக்குற க்ரோ பேக் ரெண்டு மூணை இதுக்கு மட்டும் செலவு பண்ணலாம், புது மண்ணு, கூரை ஓரம், நோய் மண்ணுலேருந்து தள்ளி.

இதே இடத்துல கிழங்கைப் பாருங்க. மாசி பங்குனில சேனையை அரை கிலோ ஒரு கிலோ துண்டா வெட்டி, சாணிக்கரைசல்ல முக்கி நிழல்ல காய வெச்சு, மூணடி இடைவெளில குழியில வெச்சுட்டா, மேல சருகு போட்டு விட்டுரலாம், எட்டு ஒன்பது மாசத்துல தோண்டி எடுக்கலாம். சேம்பு இடவப்பாதியோட வைக்கலாம். மரச்சீனி (மரவள்ளி) கம்பை ஒரு சாண் துண்டா மேட்டுல குத்தி வைக்கலாம், எலிதான் எதிரி. சிறுகிழங்கு கொடித் துண்டை ஆடிக்கு மேல நட்டா தை மாசம் கிழங்கு. இது எதுக்கும் பூச்சி மருந்தே தேவைப்படாதுன்னு கூட சொல்லலாம், விதை செலவு ஒரு தடவைதான், அடுத்த வருஷத்துக்கு நம்ம கிழங்குதான் விதை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963லேருந்து இருக்கு, நல்ல ரகம் வேணும்னா அங்க விசாரிக்கலாம். குறைந்த செலவுல வயிறு நிறைய விளையணும்னா இந்த ஊர்ல கிழங்குக்கு மேல ஒண்ணு இல்லங்கறது என் உறுதியான கருத்து, நம்ம தாத்தா பாட்டி காலத்து வீட்டு முற்றம் அப்படித்தான் இருந்துது.

கீரைல சிவப்பு கீரை மழைல இலைப்புள்ளி வந்து வெள்ளை வெள்ளையா ஓட்டை விழும், பச்சை கீரை, குறிப்பா கோ 1 ரகம், நல்லா தாங்கும், அதனால மழை மாசத்துல பச்சையும் கோடைல சிவப்பும்னு வெச்சுக்கோங்க. அதை விட சுலபம் கொடிப்பசலை, ஒரு தண்டு ஊனினா வேலி முழுக்க. தவசிக்கீரையும் ஒரு தடவை வேலில நட்டா வருஷக்கணக்கா பறிக்கலாம், ஆனா சமைச்சு அளவா சாப்பிடுங்க, 1990கள்ல தைவான்ல இதை உடம்பு மெலியும்னு பச்சையா ஜூஸ் அடிச்சு தினமும் குடிச்சவங்களுக்கு நுரையீரல் பாதிச்சு போச்சு. மரக்கீரைன்னு சொல்ற சாயாவும் பச்சையா கூடவே கூடாது, அதுல சயனைடு சத்து இருக்கு, இருபது நிமிஷம் கொதிக்க வெச்சு, அலுமினிய பாத்திரம் இல்லாம சமைக்கணும்.

கொடில பயத்தங்காயும் கோவைக்காயும் முதல் இடம், கோவை கம்பு வெச்சா போதும். சிறகவரை ஆடிக்குள்ள விதைச்சு பந்தல் ஏத்துங்க, பகல் பொழுது குறையுற ஐப்பசிக்கு மேலதான் பூக்கும், அதுவரைக்கும் காய்க்கலைன்னு பிடுங்கிராதீங்க. பாகல், புடலைக்கு மழைல பழ ஈ தொல்லை, பிஞ்சுலயே பேப்பர் கவர் போடறதும், கனிஞ்ச பாளையங்கோட்டான் வாழைப்பழத்தோட கொஞ்சம் வெல்லம் பிசைஞ்சு பொறி வெக்கறதும், விழுந்த காயை அன்னைக்கே பொறுக்கி கொதி தண்ணில போடறதும் மூணும் சேந்து செஞ்சா காய் தப்பும். ஆப்பிரிக்க நத்தைக்கு ஈர சாக்கு அடியில பப்பாளி இலையை சாயந்திரம் வெச்சு, விடியக்காலைல கூட்டமா இருக்கும்போது எடுத்து உப்புத்தண்ணி வாளில போடுங்க, கையுறை இல்லாம தொடாதீங்க, மனுஷனுக்கு மூளைல நோய் குடுக்குற புழு அதுகிட்ட இருக்கலாம்.

அப்ப 2000 ரூபாயை எப்படி பிரிக்கறது? மண்ணு இருக்கறவங்க சேனை, சேம்பு விதைக்கு 600, நல்ல காய்கறி விதைக்கு 300, மூடி போட்ட ரெண்டு கம்போஸ்ட் வாளிக்கு 400, சுண்ணாம்பு, ட்ரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் (ரெண்டும் செடி நோயைத் தடுக்குற நல்ல நுண்ணுயிர்), வேப்பெண்ணெய்க்கு 400, மீதி பந்தல் கயிறுக்கு. வாடகை வீடு, இல்ல பிளாட்டுன்னா வாளி பத்து, அதை மாடி நடுவுல வெக்காம சன்ஷேடுக்கு கீழயோ பால்கனி ஓரத்துலயோ, மழை நேரா அடிக்காம வெயில் மட்டும் சாயுற இடத்துல வைங்க, கொடிப்பசலை, மிளகாய், பச்சை கீரை, கறிவேப்பிலை, இஞ்சி போதும். தோட்டக்கலைத் துறை மானியத்துல மாடித்தோட்டக் கிட் குடுக்கும்போது பதிவு பண்ணி வாங்கிக்கலாம், அந்த பையை கடைல முழு விலைக்கு வாங்க வேண்டாம். வீடு மாறும்போது வாளில இருக்குற பழைய மண்ணை கொட்டிட்டு போகாதீங்க, ஒரு தார்ப்பாய்ல காய வெச்சு சாக்குல கட்டி எடுத்துட்டு போங்க, போற இடத்துல கொஞ்சம் கம்போஸ்ட் கலந்தா அடுத்த நடவுக்கு அதுவே போதும்.